தட்டினால் நைலான் கயிறு எப்படி வருகிறது, ஏன் வராமல் போகிறது

மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் புல் வெட்டப் பெட்ரோல் பிரஷ் கட்டர் வாங்கியிருக்கிறீர்கள். முதல் மாதம், மெஷினின் நுனியில் கயிற்றோடு சுற்றும் ஹெட்டைத் தரையில் தட்டியதும் நைலான் கயிறு வந்தது. அது தீர்ந்து நீங்களே புதுக் கயிறு சுற்றிய பிறகு, சில நாள் எவ்வளவு தட்டினாலும் வருவதில்லை, சில நாள் தட்டாமலேயே வந்து அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. ஹெட்டை மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "உள்ளே மோட்டார் ஒன்றும் இல்லையே, கயிற்றை எதுதான் வெளியே தள்ளுகிறது?" உண்மையில் நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் ஹெட்டை மாற்றுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

நான் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தவன். பதினைந்து வருடமாகப் பொள்ளாச்சிப் பக்கம் மருந்தடிக்கும் மெஷின், பிரஷ் கட்டர், சின்ன பம்ப் செட் இவற்றைத்தான் பார்க்கிறேன். தென்மேற்குப் பருவமழை விட்டு புல் எழும்பும் நேரத்தில் கடைக்கு வரும் பிரஷ் கட்டர்களில் பெரும்பாலானவை "கயிறு வரல" என்ற ஒரே புகாரோடு வரும். அவற்றில் ஹெட் உண்மையாகவே கெட்டுப்போனவை குறைவு. உங்கள் ஹெட்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் இதுதான் கோளாறு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அது உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதை முதலில் சொல்கிறேன்.

கயிற்றை எதுவும் தள்ளுவதில்லை. கயிறு தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்கிறது. சோளக்காட்டில் குருவி விரட்டக் கவண் சுற்றியிருக்கிறீர்களா? கல்லை வைத்துச் சுற்றும்போது கயிறு கையை எப்படி வெளிப்பக்கமாக இழுக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிரஷ் கட்டரில் கல் கிடையாது, கயிற்றின் சொந்த எடையே கல்லின் வேலையைச் செய்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு வேகமாகச் சுற்றுவதால், உள்ளே ஸ்பூல் என்ற உருளையில் சுற்றியிருக்கும் மிச்சக் கயிற்றை அது ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இயந்திரம் ஓடும் ஒவ்வொரு நொடியும் கயிறு வெளியே வரத் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவதுதான் ஹெட்டின் வேலை. நீங்கள் தட்டுவது கயிற்றைத் தள்ளுவதற்காக இல்லை, அந்தப் பிடியை ஒரு கணம் விடுவதற்காக.

இந்தக் கருவி பிறந்ததும் இதே இழுவையைக் கவனித்த ஒருவரால்தான். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் நடனப் பள்ளி நடத்திய ஜார்ஜ் பாலஸ், 1971-ல் கார் கழுவும் இடத்தில் பெரிய பிரஷ்கள் சுற்றுவதைப் பார்த்தார். நின்றிருக்கும்போது துவண்டு தொங்கும் நைலான் இழைகள் சுற்ற ஆரம்பித்ததும் விறைத்து நிற்கின்றன. மரத்தடியில் பட்டையைக் காயப்படுத்தாமல் புல் வெட்ட இது உதவுமே என்று தோன்றியிருக்கிறது. ஒரு தகர டப்பாவில் ஓட்டை போட்டு, மீன்பிடி நரம்பைக் கட்டி, புல் ஓரம் வெட்டும் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டார். அதிலிருந்து வந்ததுதான் வீட் ஈட்டர், அதாவது களை தின்னி, என்ற கருவி. 1977-ல் அந்தத் தொழிலை எமர்சன் எலக்ட்ரிக் கம்பெனிக்கு விற்றார். அந்த டப்பாவில் கட்டிய நரம்பு அறுந்தால் மறுபடி கட்ட வேண்டியதுதான். இன்று உங்கள் கையில் இருப்பதில் கூடுதலாக இருப்பது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பூட்டு.

இழுவை எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் பாதிக் கோளாறுகள் இந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கின்றன. கயிறு 2.4 மில்லிமீட்டர், ஹெட்டுக்கு வெளியே ஒரு பக்கம் 15 சென்டிமீட்டர் நீட்டியிருக்கிறது, ஹெட் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் துண்டின் எடை முக்கால் கிராம்தான். ஆனால் சுற்றும்போது உள்ளே இருக்கும் கயிற்றை அது இழுக்கும் விசை சுமார் 4 கிலோ. அதாவது 4 கிலோ படிக்கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போல. இப்போது கயிறு தேய்ந்து பாதியாக, ஏழரை சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இழுவையும் பாதியாகும் என்று தோன்றும். ஆகாது. எடையும் குறைகிறது, சுற்றும் வட்டமும் சுருங்குகிறது, இரண்டும் சேர்ந்து இழுவை சுமார் ஒன்றரை கிலோவுக்கு இறங்கிவிடும். வேகத்தைக் குறைத்தால் இதைவிட மோசம். ஆக்சிலேட்டரைப் பாதியாக விட்டு சுற்று 3000 ஆனால், முழுக் கயிறு வெளியே இருந்தாலும் இழுவை நாலில் ஒரு பங்குதான், ஒரு கிலோ. காற்றும் புல்லும் கயிற்றைப் பின்னோக்கி வளைப்பது, அது வெளிவரும் வளையத்தில் உராய்வது எல்லாம் போக உள்ளே போய்ச் சேருவது இன்னும் குறைவு. அதனால்தான் கயிறு கட்டையாகிப்போன பிறகு, வேகத்தையும் குறைத்துக்கொண்டு தட்டுகிறவர்களுக்கு அது வருவதே இல்லை. ஹெட் மேல் குற்றம் கிடையாது. இழுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சரி, பூட்டுக்கு வருவோம். ஹெட்டின் கீழ் மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ஸ்பூல், அதை எப்போதும் கீழ்நோக்கி அழுத்தும் ஒரு ஸ்பிரிங், இவ்வளவுதான் இருக்கும். ஸ்பூலின் கீழ் விளிம்பில் பற்கள் இருக்கும். அவை மூடியில் இருக்கும் பற்களோடு கோத்துக்கொண்டிருப்பதால் ஸ்பூல் தனியாகத் திரும்ப முடியாது, ஹெட்டோடு சேர்ந்துதான் சுற்றும். தரையில் தட்டும்போது நடுவில் இருக்கும் குமிழ் உள்ளே போய், ஸ்பூலை மேலே தூக்குகிறது. கீழ்ப் பல் விடுபடுகிறது. உடனே கயிற்றின் இழுவை ஸ்பூலைத் திருப்பத் தொடங்கும். அப்படியே விட்டால் மொத்தக் கயிறும் ஓடிவிடும் இல்லையா? அதற்குத்தான் ஸ்பூலின் மேல் விளிம்பிலும் ஒரு வரிசைப் பல். மேலே போன ஸ்பூல் கொஞ்சம் திரும்பியதும் மேல் பல் மாட்டி நின்றுவிடும். நீங்கள் ஹெட்டைத் தூக்கியதும் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ள, மேல் பல் விடுபட்டு, இன்னும் கொஞ்சம் திரும்பி, அடுத்த கீழ்ப் பல்லில் போய் மாட்டும். கூட்ட நாளில் பழனியில் வரிசையை விடுவது போலத்தான். முன் கதவைத் திறக்கும்போது பின் கதவு மூடியிருக்கும், பின் கதவைத் திறக்கும்போது முன் கதவு மூடியிருக்கும். எந்த நேரத்திலும் ஒரு கதவு மூடியே இருப்பதால் ஒரு கூட்டம்தான் நகரும். பழைய சுவர்க் கடிகாரத்தில் பெண்டுலம் ஆடும்போது பல்சக்கரம் ஒவ்வொரு பல்லாக நகருவதும் இதே வித்தைதான். கையளவு பிளாஸ்டிக்கில் இதை அடக்கியவர்களின் மூளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஒரு தட்டுக்கு இத்தனை பல் என்பது மாறாது, ஆனால் வரும் கயிற்றின் நீளம் மாறும். ஆறு பல் இருக்கும் ஒரு ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு நிறையச் சுற்றி விட்டம் 8 சென்டிமீட்டர் இருக்கும்போது ஒரு பல் நகர்ந்தால் சுமார் 4 சென்டிமீட்டர் கயிறு வரும். தீரும் தறுவாயில் விட்டம் 4 சென்டிமீட்டராகச் சுருங்கியிருக்கும்போது அதே ஒரு பல்லுக்கு 2 சென்டிமீட்டர்தான். ஸ்பூலைத் திருப்பும் வலுவும் அப்போது பாதிதான், கிணற்று ராட்டினம் சின்னதானால் இழுக்கக் கனப்பது போல. கடைசிக் கயிற்றில் இரண்டு மூன்று தட்டு கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான், அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

இப்போது உங்கள் மெஷினுக்கு. எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். என்ஜினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். ஹெட்டை மேல்பக்கமாகத் திருப்பி வைத்து, குமிழைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி ஒரு பக்கக் கயிற்றை இழுங்கள். கொஞ்சம் வந்து நிற்க வேண்டும். விரலை எடுங்கள், மறுபடி இழுங்கள், இன்னும் கொஞ்சம் வந்து நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் மாறி மாறி இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு கிலோ தூக்கும் அளவு பலத்துக்குக் கயிறு வழவழவென்று வந்தால் ஹெட் நன்றாக இருக்கிறது, கோளாறு நீங்கள் தட்டும் விதத்தில். எவ்வளவு இழுத்தும் வரவில்லை என்றால் கயிறு உள்ளே சிக்கியிருக்கிறது. குமிழை அழுத்தாமலேயே வந்தால் பூட்டு பிடிக்கவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது. உங்களுக்கு ஒரு நாள் வராமலும் ஒரு நாள் தானாக வருவதாகவும் இருப்பதால், இரண்டு நாளும் சுற்றிய விதம் வேறாக இருந்திருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். அது சந்தேகம் மட்டும்தான், சோதனை செய்துதான் சொல்ல முடியும்.

வராமல் போவதற்கு நான் பார்த்ததில் முதல் காரணம் சுற்றின விதம். தொளதொளவென்று சுற்றிய கயிற்றில், வெளிச்சுற்று 4 கிலோ இழுவையில் உள்சுற்றுகளுக்கு நடுவே ஆப்பு போலப் போய் இறங்கிவிடும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் குறுக்கே ஏறியிருந்தாலும் அதே கதை. மாஞ்சா நூல் சுற்றிய பையன்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாது: கயிறு உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்வது. வெளியே கயிறு புல்லிலும் குச்சியிலும் படும் ஒவ்வொரு அடியும் உள்ளே சுற்றுகளை ஒன்றோடொன்று உரசவைக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான உரசல். தொளதொளவென்று இருந்தால் உரசல் அதிகம், சூடு அதிகம். சுற்று நைலான் உருகும் சூட்டைத் தொட்டால் பக்கத்துச் சுற்றோடு பற்றவைத்தது போல ஒட்டிவிடும். மூடியைத் திறந்து பார்த்தால் கயிறு நன்றாகச் சுற்றியிருப்பது போலவே இருக்கும், இழுத்தால் மட்டும் வராது. பிரித்துப் பார்த்தால் ஒட்டின இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு தெரியும். அந்தக் கயிற்றை மறுபடி சுற்றாதீர்கள், தழும்பு இருக்கும் இடத்தில் அறுந்துவிடும். வேலிக்கம்பி, தென்னை மரத்தடி, கல்லுக்கால் ஓரம் வெட்டும்போது ஒட்டல் அதிகமாக வரும், ஏனென்றால் அங்கே அடி பலமாக விழுகிறது. மரத்தடியில் கயிற்றின் நுனி மட்டும் படும்படி வெட்டினால் மரத்துக்கும் நல்லது, ஸ்பூலுக்கும் நல்லது. இளம் தென்னங்கன்றின் அடியை இந்தக் கயிறு சுற்றிவர உரித்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். சொட்டுநீர்க் குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒரு நொடியில் போய்விடும்.

மூன்றாவது, கயிறு வளையத்தின் வாயிலேயே அறுந்து நுனி உள்ளே போய்விடுவது. நான் முதலில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். இழுப்பது வெளியே இருக்கும் துண்டு. வெளியே ஒன்றுமே இல்லை என்றால் ஆயிரம் தட்டு தட்டினாலும் அந்தப் பக்கம் வராது, கயிற்றை இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. மறுபக்கக் கயிறு இருந்தால் ஸ்பூல் என்னவோ திரும்பும், அறுந்த பக்கத்தின் கயிறு உள்ளேயே தளர்ந்து சுருண்டு சிக்கலைத்தான் பெரிதாக்கும். ஒரு பக்கம் மட்டும் கயிறு இருந்தால் கைப்பிடியில் அதிர்வு கூடும், அதை வைத்தே கண்டுபிடிக்கலாம். உடனே நிறுத்தித் திறந்து நுனியை வெளியே எடுத்துவிடுங்கள். அடிக்கடி இப்படி ஆனால் வளையத்தைப் பாருங்கள். உலோக வளையம் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும், அல்லது வளையமே விழுந்துபோய் வெறும் பிளாஸ்டிக் ஓட்டையாக இருக்கும். அந்தக் கூர்விளிம்பில்தான் கயிறு அறுகிறது. வளையம் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

கயிற்றின் தடிமனையும் கவனியுங்கள். 2.4-க்கு என்று இருக்கும் ஹெட்டில் "தடியாப் போட்டா சீக்கிரம் தேயாது" என்று 3 மில்லிமீட்டர் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். தடிக்கயிறு அவ்வளவு எளிதில் வளையாது, வளையத்தில் இறுகும், ஸ்பூலில் குறைந்த நீளம்தான் கொள்ளும், இரண்டு பக்கக் கயிற்றுக்கும் ஸ்பூலில் தனித்தனியாக இருக்கும் அறைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குள்ளும் பிதுங்கும். ஹெட்டின் மேலேயே எந்த அளவு என்று அச்சிட்டிருப்பார்கள், அதற்கு மேல் போகாதீர்கள். சதுரக் கயிறு, நட்சத்திர வடிவக் கயிறு எல்லாம் கூர்மையாக வெட்டும் என்பது உண்மை. ஆனால் ஸ்பூலுக்குள் அந்த ஓரங்கள் பக்கத்துச் சுற்றைக் கடித்துப் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சுற்றப் பழகுகிறவருக்கு உருண்டைக் கயிறுதான் நல்லது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இதெல்லாம் சரியாக இருந்து கைச் சோதனையில் கயிறு நன்றாக வந்தால், தட்டுவதைத் திருத்திக்கொள்ளுங்கள். புல்லுக்குள் வைத்துத் தட்டாமல், வெட்டி முடித்த இடத்துக்கு ஹெட்டைக் கொண்டுவந்து, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி, முழு வேகம் வந்த பிறகு, ஹெட் மட்டமாக இருக்கும்படி மண்ணில் ஒரு தட்டு தட்டி உடனே தூக்குங்கள். அழுத்திப் பிடித்தால் மேல் பல் மாட்டியபடியே நிற்கும், பாதிக் கயிறுதான் வரும். தூக்கினால்தான் மிச்சப் பாதி. சிமெண்டுத் தரையிலும் பாறையிலும் தட்டினால் குமிழ் சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். கயிறு முழுதாகத் தேயும்வரை காத்திருக்காமல், வெட்டு கொஞ்சம் மந்தமாகும்போதே தட்டிவிடுங்கள். மேலே சொன்ன ஒன்றரை கிலோ கணக்கு இதற்காகத்தான்.

தானாக வந்து தீர்ந்துபோகும் நாளைப் பற்றி. இதற்கு முதல் காரணம் ஹெட்டைத் தரையில் வைத்துத் தேய்த்தபடி வெட்டுவது. கை வலிக்கிறதென்று மெஷினின் பாரத்தைத் தரையில் இறக்கிக்கொண்டு நடப்பார்கள். மேடுபள்ளத்தில் குமிழ் படும் ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டுதான். கயிறு வந்துகொண்டே இருக்கும், ஹெட்டுக்கு மேல் இருக்கும் தடுப்பான கார்டில் உள்ள சின்ன பிளேடு வெட்டிக்கொண்டே இருக்கும், உங்களுக்குத் தெரிவது கயிறு தீர்ந்துபோன பிறகுதான். தோள் வாரின் நீளத்தைச் சரிசெய்து, தரைக்கு மேல் நாலு விரல் உயரத்தில் ஹெட் தானாகத் தொங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் உள்ளே பாருங்கள். ஸ்பிரிங் இருக்கிறதா? கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் தடவை திறக்கும்போது ஸ்பிரிங் புல்லுக்குள் தெறித்து விழுந்து, அது இல்லாமலேயே மூடிவிட்டு வந்தவர்கள் நிறையப் பேர். அடுத்தது, மூடியின் இரண்டு பக்கக் கிளிப்பும் டக் என்று மாட்டியிருக்கிறதா. பிறகு பற்கள். அவற்றின் முனை மழுங்கி உருண்டையாகியிருந்தால் இழுவையைத் தாங்காமல் வழுக்கும். அப்போது ஸ்பூலையோ மொத்த ஹெட்டையோ மாற்றுவதைத் தவிர வழியில்லை. கடைசியாக, கயிற்றை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கலாம். பற்கள் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் இருக்கும் ஹெட்டுகளில், எதிர்ப்பக்கம் சுற்றினால் இழுவை சரிவுப் பக்கம் விழுந்து பூட்டு பிடிக்காது. ஸ்பூலில் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு நாள் சரியான பக்கம் ஆனால் தொளதொளவென்று, ஒரு நாள் எதிர்ப்பக்கம் என்று சுற்றியிருந்தால் உங்கள் இரண்டு புகாரும் ஒரே மெஷினில் வருவதற்கு அதுவே போதுமானது.

கார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் மெஷினுக்குக் கார்டு இல்லை. புல் அடைக்கிறது என்று கழற்றிவைத்திருப்பீர்கள், ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கால் பக்கம் கல் தெறிப்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கார்டில் இருக்கும் பிளேடுதான் கயிறு இவ்வளவு நீளத்துக்கு மேல் போகாமல் வெட்டி நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் தட்டத் தட்ட கயிறு நீண்டுகொண்டே போகும். ஹெட்டின் நடுவிலிருந்து 21 சென்டிமீட்டரில் நிற்க வேண்டிய கயிறு 30 சென்டிமீட்டர் ஆகிவிட்டால், அதே வேகத்தில் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் சுமார் நாலு மடங்கு சக்தி தேவை. என்ஜினால் முடியாது. சுற்று குறையும், கிளட்ச் வழுக்கிச் சூடேறும், சுற்று குறைந்ததால் வெட்டும் மந்தமாகும். கயிறு நீளமாக இருந்தால் அகலமாக வெட்டும் என்று நினைத்துக் கிளட்ச் கருகிக் கொண்டுவந்தவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். கார்டை மாட்டுங்கள். கண்ணாடியும் போடுங்கள். கயிற்றின் நுனி நான் சொன்ன 6000 சுற்றில் மணிக்கு 470 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, அது தட்டிவிடும் சிறு கல்லுக்குக் கண் தாங்காது.

சுற்றுவதற்கு வருகிறேன், உங்கள் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. பழைய கயிற்றை முழுக்க எடுத்துவிட்டு, ஸ்பூலையும் உள்பக்கத்தையும் பிரஷ் போட்டுத் துடையுங்கள். புல் சாறும் மண்ணும் சேர்ந்து காய்ந்தால் பசை போலாகி ஸ்பூல் மேலும் கீழும் நகராமல் பிடித்துக்கொள்ளும், தட்டினாலும் வராததற்கு அதுவும் ஒரு காரணம். தேவையான நீளத்தை வெட்டி இரண்டாக மடித்து, மடிப்பை ஸ்பூல் நடுவில் இருக்கும் காடியில் மாட்டுங்கள். அம்புக்குறி காட்டும் பக்கம், இரண்டு கயிற்றையும் அதனதன் அறையில், பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக, நன்றாக இறுக்கிச் சுற்றுங்கள். கையில் சின்ன வலி தெரியும் அளவு இறுக்கம் வேண்டும். விளிம்புவரை நிரப்பாமல் அரை சென்டிமீட்டர் இடம் விட்டு நிறுத்துங்கள். நிறையச் சுற்ற ஆசை வரும், வேண்டாம். நிரம்பி வழியும் ஸ்பூலில் கயிறு விளிம்புக்கு மேல் ஏறி மூடியில் சிக்கும். இரண்டு நுனியையும் விளிம்பில் இருக்கும் வெட்டில் செருகி, வளையம் வழியே விட்டு, மூடியை மாட்டி, இரண்டு நுனியையும் ஒருசேர வெடுக்கென்று இழுத்து வெட்டிலிருந்து விடுவியுங்கள். விடுவிக்க மறந்தால் முதல் தட்டிலேயே நின்றுவிடும். குமிழைத் திருப்பினால் தானே சுற்றிக்கொள்ளும் புது வகை ஹெட் என்றால், திருப்பும்போது இன்னொரு கையால் இரண்டு கயிற்றையும் லேசாகப் பிடித்து இறுக்கம் கொடுங்கள், இல்லாவிட்டால் அது தொளதொளவென்றுதான் சுற்றும். சுற்றி முடித்ததும் அந்தக் கைச் சோதனையை ஒருமுறை செய்துவிட்டுத் தோப்புக்குள் போங்கள்.

கயிற்றைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்களே, உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள். நைலான் தண்ணீரை உறிஞ்சும் பிளாஸ்டிக், ஈரம் இருந்தால் வளைந்துகொடுக்கும், காய்ந்தால் மொடமொடப்பாகும். இதில் சந்தேகமில்லை. தகரக் கூரைக்கு அடியில் ஒரு கோடை முழுக்கக் கிடந்த கயிறு சுள்ளி போல ஒடியும், அதை ஒரு நாள் ஊறப்போட்டால் மறுபடி துவளும். அதனால் வளையத்தின் வாயில் அறுவது குறையும். ஆனால் தப்பாகச் சுற்றிய கயிறு ஊறவைத்ததால் ஓடிவந்துவிடாது. ஸ்பூலில் சிலிகான் ஸ்பிரே அடித்தால் ஒட்டாது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு, நான் அடித்துப் பார்த்ததில் இறுக்கிச் சுற்றுவதைவிட அது பெரிதாக உதவியதாகத் தெரியவில்லை.

தட்டவே தேவையில்லாத, தானாகக் கயிறு விடும் ஹெட் மாட்டலாமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுத் தோட்டத்துக்கான கரண்ட் மெஷின்களில் அது உண்டு. கயிறு தேய்ந்தால் பாரம் குறைந்து மோட்டார் வேகம் கூடும், கூடிய வேகத்தில் உள்ளே ஒரு சின்ன நெம்புகோல் ஸ்பிரிங்கை மீறி வெளிப்பக்கம் விலகி ஸ்பூலை ஒரு பல் விடும், கயிறு நீண்டதும் வேகம் குறைந்து பூட்டிக்கொள்ளும். அழகான ஏற்பாடு. பெட்ரோல் என்ஜினில் வேகத்தை உங்கள் விரல் நொடிக்கு நொடி மாற்றிக்கொண்டிருப்பதால், வேகத்தைப் பார்த்துக் கயிறு தேய்ந்ததா என்று கண்டுபிடிக்கும் அந்த யுக்தி சரியாக வராது. உங்கள் தோப்புக்குத் தட்டும் ஹெட்டே போதும். கல்லும் கட்டையும் நிறைந்த வரப்போரத்துக்கு மட்டும், வெட்டிவைத்த துண்டுக் கயிறுகளைச் செருகும் ஹெட் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஸ்பூலே கிடையாது, சிக்குவதற்கும் ஒன்றுமில்லை. ஹெட்டைக் கழற்றும்போது அதைப் பிடித்திருக்கும் நட்டு பெரும்பாலும் இடது மரை என்பது நினைவிருக்கட்டும், வழக்கமாக இறுக்கும் பக்கம் திருப்பினால்தான் கழலும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கயிறு அடிக்கடி தீர்கிறது என்று கட்டுக்கம்பி, சைக்கிள் பிரேக் ஒயர், செயின் துண்டு இவற்றைக் கட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் அறுந்து பறக்கும் இரும்புத் துண்டு எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரும்புக் கண்ணிகளைக் கோத்துச் செய்த வெட்டு ஹெட்டுகளை விற்கக் கூடாதென்று ஐரோப்பிய ஆணையம் 2012 ஜனவரியில் உத்தரவே போட்டது. தோப்பில் பக்கத்தில் தேங்காய் பொறுக்குகிறவர்கள் இருப்பார்கள், குழந்தைகள் வருவார்கள்.

இன்று மாலை ஸ்பூலைக் கழற்றித் துடைத்து, அம்புக்குறி பார்த்து இறுக்கிச் சுற்றி, கார்டை மாட்டி, கைச் சோதனை செய்துவிட்டு எழுதுங்கள். கயிறு வந்ததா, வரவில்லையா, அழுத்தாமலே வந்ததா என்ற மூன்றில் எது என்று சொன்னால் போதும். வராவிட்டாலோ அழுத்தாமலே வந்தாலோ ஸ்பூலின் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, மூடியின் உள்பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள். பல் மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு ஹெட் வாங்கலாம்.